சாலை திறந்திருந்தால் எட்டரைக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்கைல்-பியூட் என்ற கவுன்சில் பகுதியில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. எழுப்பி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, மாத்திரை கொடுப்பது, சாப்பிட வைப்பது, இரவில் படுக்க வைப்பது. இங்கே எங்களைக் கேரர் என்பார்கள். மதுரையில் நர்ஸாக இருந்தேன். 2022 பிப்ரவரியில் இந்த வேலைக்கும் பிரிட்டன் விசா கொடுக்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நர்ஸ்கள் பலர் கிளம்பினோம். மனித உடம்பு எனக்குத் தெரிந்ததுதான். முதுமையும் தெரிந்ததுதான். தெரியாதது இந்த நிலம். இங்கே முதுமையில் பாதி நிலத்தின் சங்கதி என்பது வந்து சில மாதங்களில் விளங்கியது.

பரப்பளவு ஏறக்குறைய 6,900 சதுர கிலோமீட்டர். ஸ்காட்லாந்தில் ஹைலண்டுக்கு அடுத்த பெரிய கவுன்சில் இதுதான். மதுரை மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மதுரையில் 2011 கணக்கெடுப்பில் 30 லட்சம் பேர். இங்கே மொத்தமே 90,000 பேருக்கும் குறைவு. அவர்களும் ஓரிடத்தில் இல்லை. கடல் நீண்ட கழிகளாக நிலத்துக்குள் புகுந்து, கரையைக் கிழித்துப் போட்டிருக்கிறது. அந்தக் கழிகளை லாக் என்பார்கள். லாக் ஃபைன் என்ற ஒன்று மட்டும் 40 மைல் உள்ளே வருகிறது. போதாததற்கு 23 தீவுகளிலும் மக்கள் வசிக்கிறார்கள். சுமார் ஆறில் ஒருவர் தீவுவாசி. எதிர்க்கரை வீட்டில் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

இங்குள்ள கிண்டைர் தீபகற்பத்தின் தென்முனையிலிருந்து அயர்லாந்து 12 மைல்தான். அதே தீபகற்பத்தில் இருக்கும் கேம்பெல்டவுனிலிருந்து கிளாஸ்கோவுக்கு நேர்கோட்டில் 60 மைல் இருக்கலாம்; சாலையில் போனால் 140 மைலைத் தொடும். நார்வே அரசன் மாக்னஸ் 1098ல் டார்பர்ட் ஊரின் குறுகலான நிலத்தின் மேல் தன் கப்பலை இழுக்கச் சொல்லி, சுக்கானைப் பிடித்தபடி அதில் உட்கார்ந்து, கிண்டைரும் ஒரு தீவுதான் என்று எடுத்துக்கொண்டானாம். பழைய வீரகதை அப்படிச் சொல்கிறது. என் தொழிலில் இருந்து பார்த்தால் அவன் சொன்னது சரி. சாலை மூடினால் கிண்டைர் தீவுதான். 2013 மார்ச்சில் பனி விழுந்து மின்கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை இங்குள்ள மூத்த கேரர்கள் இன்னும் சொல்வார்கள். டிராக்டரில் ஏறி நோயாளி வீட்டுக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு.

ஸ்காட்லாந்து முழுவதிலும் ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். இங்கே நான்கில் ஒருவருக்கும் மேல். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கவுன்சிலின் கிழக்கு ஓரத்தில் ஹெலன்ஸ்பர்க் இருக்கிறது. பக்கத்தில் ஃபாஸ்லேன் கடற்படைத் தளம். அங்கே வேலைக்கு வரும் இளையவர்களும் அவர்கள் குடும்பங்களும் மொத்தச் சராசரியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகிறார்கள். மேற்கே, நான் சுற்றும் நாப்டேல் பக்கம் வந்தால் அந்த இளமை கிடையாது. ஒரே சாலையில் வரிசையாக ஏழெட்டு வீடுகள் தாண்டியும் எழுபதுக்குக் கீழே ஒருவரையும் பார்க்காத இடங்கள் இருக்கின்றன.

இங்கே வயதாகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பிறந்து வளர்ந்து, மீன் பிடித்து, ஆடு வளர்த்து, காட்டிலாகாவில் மரம் வெட்டி இங்கேயே இருந்துவிட்டவர்கள் ஒரு வகை. இங்கிலாந்திலோ கிளாஸ்கோவிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு, கடல் தெரிகிற வீடாக வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இன்னொரு வகை. வரும்போது அறுபது, அறுபத்திரண்டு. படகு வைத்திருப்பார்கள், நாய் வைத்திருப்பார்கள், வாரத்துக்கு ஒருமுறை ஓபன் ஊருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவார்கள். இருபது வருடம் அருமையாக ஓடும். இந்த நாட்டில் 70 வயதானால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஒரு நாள் கண் மருத்துவரோ மகளோ சொல்லி, கார் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். என் அனுபவத்தில் முதுமை தொடங்குவது அன்றைக்குத்தான். கடை 14 மைல், மருந்துக்கடை 14 மைல், டாக்டர் 14 மைல். பஸ் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான பஸ்தான். நேற்றுவரை யாருடைய துணையும் தேவைப்படாத ஒருவர், உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலே, மறுநாள் உதவி தேவைப்படுகிறவர் ஆகிவிடுகிறார்.

அந்த மாற்றத்தை ஏற்க முடியாமல் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனைவி இறந்தபோது கலங்காமல் நின்ற பெரியவர் ஒருவர், காரை விற்று அனுப்பிய நாளில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் குளிக்க அழைத்துப்போக அன்று நான் முயலவே இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஓட்டிய கார்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒதுக்கியிருந்த அரை மணி நேரமும் அதிலேயே போனது. சரியாகப் போன அரை மணி நேரம் அது.

எங்கள் வருகைகளைப் பதினைந்து நிமிடம், அரை மணி, முக்கால் மணி என்று பிரித்திருப்பார்கள். ஸ்காட்லாந்தில் 2002 ஜூலை முதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உடம்பைக் கவனிக்கும் சேவைக்குக் கட்டணம் கிடையாது. 2019ல் அது குறைந்த வயதினருக்கும் வந்தது. இது பெரிய காரியம், இங்கிலாந்தில் கிடையாது, இந்த நாட்டைப் பற்றி நான் மதிக்கும் முதல் விஷயம் இதுதான். ஆனால் சட்டம் உரிமையைத்தான் தரும். எட்டரை மணிக்குக் கதவைத் தட்டும் ஆளை அது உண்டாக்கித் தராது.

காலையில் லாக்கில்ப்ஹெட்டில் இருந்து கிளம்பும்போதே அன்றைய பட்டியலை போனில் திறந்து வைத்துக்கொள்வேன். பிறகு சிக்னல் இருக்காது. கிரினான் கால்வாயைத் தாண்டி டேவியலிச் பக்கம் திரும்பினால் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே கொஞ்சம் அகலம் விட்டிருப்பார்கள். எதிரே யார், மரலாரியா தபால் வண்டியா என்று தூரத்திலேயே பார்த்து, யார் ஒதுங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒதுங்கியவருக்குக் கை காட்டாமல் போவது இங்கே மரியாதைக் குறைவு. டிசம்பரில் விடிய ஒன்பது மணி ஆகும், நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். முதல் வருகையும் கடைசி வருகையும் இருட்டில்தான். சாலையில் மான் நிற்கும். எங்களூர் ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஒரு வருடம்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். என்னுடன் வந்தவர்களில் நோயாளியைக் கையாளத் தெரிந்தும் இந்தத் தேர்வில் தடுக்கி ஊர்களுக்குள் மட்டும் நடந்து வேலை பார்க்கும்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாத கேரர் இங்கே பாதிக் கேரர்.

வீட்டு வாசலில் சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். எண் அழுத்தினால் திறக்கும், உள்ளே சாவி. உள்ளே போய்க் குரல் கொடுத்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவேன். கையை வெந்நீரில் கொஞ்சம் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். வெளியே இருந்து வந்த கையோடு எண்பத்தெட்டு வயது உடம்பைத் தொடக் கூடாது. எழுப்பியதும் முதலில் பார்ப்பது குதிகால்களை. பிறகு இடுப்பெலும்பின் மேல், அடிமுதுகில். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பேன். அழுத்திய இடம் ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. நிலையை மாற்றிப் படுக்க வைத்தால் போதும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அன்றே சமுதாய நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். நகரத்தில் நர்ஸ் மதியமே வந்துவிடுவார். இங்கே அவருடைய வாரப் பட்டியலில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கிய நாள் எது என்பதையும் பார்க்க வேண்டும். அதனால் இங்குள்ள நல்ல கேரர்களுக்குக் கண் கூர்மை. ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடிப்பது எங்களுக்கு நாற்பது மைல் பயணத்துக்குச் சமம்.

நேரத்தின் அருமையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பார்க்கின்சன் நோய். அதற்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை குறித்த நேரத்தில் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பே போவது நல்லது. போன பிறகு அரை மணி, முக்கால் மணி கழித்து உடம்பு இளகும். அந்த இளகிய நேரத்துக்குள் எழுந்து, நடந்து, குளித்து, உடுத்திவிட வேண்டும். தாமதித்தால் மறுபடி மரக்கட்டைபோல இறுகிவிடும். எங்கள் பெரியவர் ஒருவர் ஆர்ட்ஃபெர்னுக்கு வடக்கே இருந்தார். காலை ஏழே முக்காலுக்கு மனைவி மாத்திரை கொடுப்பார். அந்த அம்மாவுக்கு 81 வயது. எட்டரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தால் அவரே கையூன்றி எழுவார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். ஒன்பதரைக்குப் போனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய உடம்பு அது. அவருடைய கௌரவம் அந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள் இருந்தது.

2023 அக்டோபர் 7ஆம் தேதி கொட்டிய மழையில் ஆர்கைல் முழுக்க மலைகள் சரிந்தன. ஏ83 சாலையில் சரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். லாக்கில்ப்ஹெட்டையும் ஓபனையும் இணைக்கும் ஏ816, ஆர்ட்ஃபெர்ன் அருகே மண்ணுக்குள் போய் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்தப் பெரியவர் சரிவுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இன்வெரரி வழியாகச் சுற்றினால் ஓபனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம், அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்க வேண்டும். அன்று காலை நான் அந்த அம்மாவுடன் தொலைபேசியில் இருந்தேன். மாத்திரை கொடுத்தாயிற்று, இளகிவிட்டார், இப்போது என்ன செய்வது என்று கேட்டார். பாதத்தைத் தரையில் பதிய வைக்கச் சொன்னேன், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொன்னேன், எண்ணச் சொன்னேன். அவர் எழுந்து நின்றதை மனைவியின் குரல் மாறியதில் தெரிந்துகொண்டேன். பிறகு ஓபன் பக்கத்துக் குழு அவரை எடுத்துக்கொண்டது. ஆள் மாறி, நேரமும் மாறிப்போய், பழைய எட்டரை மணி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். நோய் முற்றியது என்று எழுதியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். சாலை மூடியதும் காரணம் என்பதை நான் எங்கும் எழுத இடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கேரர்கள் சேர்ந்து போக வேண்டிய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து ஒருவரைத் துணித்தொட்டில் போன்ற ஸ்லிங்கில் வைத்து ஹாய்ஸ்ட் என்ற தூக்கியால் நாற்காலிக்கு மாற்ற, வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இயந்திரத்தை இயக்க, இன்னொருவர் அந்த உடம்போடும் முகத்தோடும் இருக்க. ஊருக்குள் என்றால் இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒரு சுற்று முடித்துவிடலாம். மலைப்பக்கம் அப்படி ஆள் கிடைக்காது. ஒருவர் டார்பர்ட்டில் இருந்து, ஒருவர் லாக்கில்ப்ஹெட்டில் இருந்து, ஒரே வாசலில் ஒரே நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை. ஒருவர் மரலாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னொருவர் வீட்டுக்குள் இருந்தும் தூக்க முடியாது. நோயாளி நனைந்த துணியோடு படுத்திருப்பார், நாம் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்போம். ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் வாரக்கணக்கில் கட்டிலில் இருக்கிறார்கள் முதியவர்கள் என்று செய்திகளில் படிக்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்த இரண்டு பேர், நான்கு முறை என்ற கணக்கில்தான் முட்டி நிற்கிறது. பணம் ஒதுக்கியிருப்பார்கள். ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்க மாட்டார்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பொத்தான் பல வீடுகளில் உண்டு. விழுந்தால் அழுத்த வேண்டும். தொலைவில் இருக்கும் மையத்தில் மணி அடிக்கும். அவர்கள் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவார்கள். எங்கள் சாலையில் 86 வயது அம்மா ஒருவருக்குச் சாவி வைத்திருப்பவர் 79 வயதுக்காரர். அவருக்குச் சாவி வைத்திருப்பவர் அந்த அம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவே அரை மைல், ஏற்றம். பழைய தொலைபேசிக் கம்பிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றுகிறார்கள். 2027 ஜனவரிக்குள் நாடு முழுக்க முடிக்க வேண்டும் என்று இலக்கு. பழைய தொலைபேசிக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் பேசும். புதியதற்கு வீட்டில் மின்சாரம் வேண்டும், இல்லையென்றால் மின்கலம் தாங்கும்வரைதான். 2025 ஜனவரி 24ஆம் தேதி வீசிய எயோவின் புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தபோது நாங்கள் முதலில் செய்தது, யார் வீட்டில் எந்த இணைப்பு இருக்கிறது என்று பட்டியல் எடுத்ததுதான்.

மரணத்துக்கும் இங்கே முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கடைசி நாட்களை வீட்டில் கழிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பெட்டியை முன்பே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வலிக்கு மார்ஃபின், பதற்றத்துக்கு மிடசோலாம், வாந்திக்கு ஒன்று, தொண்டையில் சளி கட்டினால் ஒன்று. தேவைப்படுவதற்கு வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். அதைத் திறந்து ஊசி போடுவது நர்ஸின் வேலை, கேரர் தொடக் கூடாது. மதுரையில் நர்ஸாக இருந்த என் கைக்கு அந்தப் பெட்டியைத் தொடாமல் பக்கத்தில் நிற்பது கடினமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் புத்திசாலித்தனத்தை நான் மெச்சுகிறேன். பனி விழுந்தால் மருந்துக்கடை திறக்காது, படகு வராது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மருத்துவம் அது.

டைரீ தீவில் பிறந்த அம்மா ஒருவருக்கு மறதி நோய் முற்றி, கடைசியில் கேலிக் மொழி மட்டும் மிஞ்சியது. பிள்ளைகளுக்குக்கூட அது தெரியாது. இரவில் விழித்துக்கொண்டு நீளமாக ஏதோ கேட்பார். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் மிரண்டார். நான் தமிழில் பேசினேன், என் அம்மாச்சியிடம் பேசுவதுபோல, இதோ வந்துட்டேன், ஒண்ணுமில்ல, படுத்துக்கங்க என்று. அமைதியாகிக் கையைப் பிடித்துக்கொள்வார். கேலிக் தெரிந்த கேரர் ஒருவர் இருந்திருந்தால் அவர் என்ன கேட்டார் என்பதும் தெரிந்திருக்கும். அந்தத் தீவுகளில் பிறந்த பிள்ளைகள் படிக்கக் கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் போனார்கள். திரும்பி வரவில்லை.

ஏன் வரவில்லை என்ற கேள்விக்குத்தான் நான் இத்தனையும் சொல்லிக்கொண்டு வந்தேன். முதியவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் சுமை என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். இந்த நிலம் எப்போதும் இப்படிக் காலியாக இருந்ததில்லை. 1831 கணக்கெடுப்பில் அன்றைய ஆர்கைல் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். ஐலா தீவில் அப்போது 15,000 பேர். இன்று 3,000 சொச்சம். நான் போகும் டேவியலிச் சாலையில் இருந்து சற்று உள்ளே காட்டுக்குள் ஆரிஹோனன் என்ற ஊர் இடிந்து கிடக்கிறது. கூரையில்லாத கல்வீடுகள், சுவரில் அடுப்புக் குழி, வாசற்படி எல்லாம் இருக்கிறது. 1848ல் நிலக்கிழார் குடும்பம் அந்தக் குடியானவர்களைக் காலி செய்யச் சொன்னது. அவர்கள் எதிர்த்தார்கள், பெண்கள் முன்னால் நின்றார்கள், சிலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், ஊர் போய்விட்டது. அந்த நிலக்கிழார் குடும்பத்தின் செல்வத்தில் ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. ஆடும் மரமும் வந்த இடத்தில் மனிதர்கள் மறுபடி வரவில்லை.

இப்போது காலி செய்ய யாரும் ஆள் அனுப்புவதில்லை. வீட்டு விலையும் வாடகையும் அதைச் செய்துவிடுகின்றன. நான் சொன்ன சாவிப் பெட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் வரிசையாகப் பல வீட்டு வாசல்களில் அந்த இரும்புப் பெட்டி இருக்கும். புதிதாக வந்தபோது இத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்களா என்று நினைத்தேன். பெரும்பாலானவை விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகள். விருந்தாளி தானே சாவி எடுத்துக்கொள்ள அதே பெட்டி. ஒரு வீட்டில் எண்பத்தைந்து வயது அம்மா தனியாக, இரண்டு பக்கமும் அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை பூட்டிய வீடுகள். அந்தப் பூட்டிய வீட்டில் ஒரு கேரர் குடியிருந்தால் இரவு எட்டு மணி வருகைக்கு நடந்தே வந்துவிடுவார். 2023 ஜூனில் ஆர்கைல்-பியூட் கவுன்சில் வீட்டு நெருக்கடி நிலையை அறிவித்தது. ஸ்காட்லாந்தில் அப்படி அறிவித்த முதல் கவுன்சில் இதுதான். என்னைப் பொறுத்தவரை அது மருத்துவ அறிவிப்பும்கூட.

இதை நூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் உண்டு. 1912ல் டூவர் குழு ஹைலண்டுகளிலும் தீவுகளிலும் சுற்றி, மருத்துவர்கள் ஏன் அங்கே நிலைப்பதில்லை என்று விசாரித்தது. நிச்சயமான வருமானம் இல்லை, பயணச் செலவு தாங்கவில்லை, குடியிருக்கத் தகுந்த வீடு இல்லை. மறு வருடமே அரசுப் பணத்தில் ஒரு மருத்துவச் சேவையைத் தொடங்கினார்கள். நாடு முழுவதற்குமான என்.எச்.எஸ். வந்தது 1948ல், அதற்கு 35 வருடம் முன்னோடி இது. 1933ல் ஐலாவில் இருந்து நோயுற்ற மீனவர் ஒருவரை விமானத்தில் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனதுதான் இங்குள்ள விமான ஆம்புலன்ஸ் சேவைக்குத் தொடக்கம். இந்த நிலத்துக்கென்று தனியாக யோசித்தபோதெல்லாம் நல்லது நடந்திருக்கிறது. வருமானம், பயணச் செலவு, வீடு என்று டாக்டருக்கு அன்று தேவைப்பட்ட மூன்றும் கேரருக்கு இன்று தேவைப்படுகின்றன. எங்களில் பலருக்கு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட்டும் நேரத்துக்குச் சரியான கூலி கிடைத்ததில்லை. நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். நாளின் பெரும்பகுதி சாலையில் கழியும் ஊரில் சாலை நேரத்தை வேலையாக எண்ணாவிட்டால், தூரத்து வீட்டுக்குப் போகிறவர்தான் முதலில் வேலையை விடுவார்.

எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வருவதும் நின்றுபோனது. 2024 மார்ச்சில், குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலை 22 முதல் கேரர் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டு அரசியலில் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆர்கைலின் மேற்குக் கரையில் அதனால் மிச்சமாவது ஆளில்லாத பட்டியல்.

கீயா தீவைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரே முதலாளியின் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருந்த தீவை 2002 மார்ச்சில் மக்களே சேர்ந்து வாங்கினார்கள். அப்போது மக்கள்தொகை நூறுக்கும் கீழே. ஒழுகிக்கொண்டிருந்த வீடுகளைச் சீர்செய்தார்கள், காற்றாலை நிறுவி வருமானம் பார்த்தார்கள், புதிதாக வீடும் கட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் 163 பேர். யாரும் அங்கே முதியவர்களை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வேலை தொடங்கவில்லை. வீட்டில் இருந்து தொடங்கினார்கள். என்னுடன் பயிற்சியில் இருந்த ஒரு பெண் அங்கேயே குடியிருந்து கேரராக இருக்கிறாள். கடைசிப் படகு போன பிறகும் அவளால் ஒரு கதவைத் தட்ட முடிகிறது.

எங்கள் பட்டியலில் அடுத்த வாரம் டேவியலிச் சாலையின் இரவு வருகைக்கு ஆள் இல்லை. இரண்டு வீடு, இரண்டிலும் இரவு எட்டு மணிக்குப் படுக்க வைக்க வேண்டியவர்கள். இப்போதைக்கு மாலை ஐந்தரைக்கே படுக்க வைத்துவிட்டு வருகிறோம். லாக்கில்ப்ஹெட் பள்ளியில் படித்து முடித்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி விண்ணப்பித்திருக்கிறாள். பாட்டியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை என்று நேர்காணலில் சொன்னாளாம். குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் விருந்தாளிகள் வருவதற்கு முன் காலி செய்ய வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு அவள் எங்கே தங்குவாள் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் இப்போதே ஒவ்வொரு வீட்டுக்காரராகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.